அடிபட்டவருக்கு ஒரு வேலை

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசலாபுரம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல்லில் வில்லேந்திய வீரன் இல்லை, குதிரை இல்லை. ஒரு சேவல் நிற்கிறது. மேற்சேரிக் கோழி ஒன்று சண்டையில் பொருது மடிந்ததை நினைத்து, ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன்பு ஊரார் எடுத்த கல் அது. செஞ்சி, செங்கம் பக்கம் போனால் இப்படிப்பட்ட கற்கள் நிறைய. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மோதி இறந்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கல், ஒரு பெயர், ஆண்டுக்கொரு படையல். களத்தில் செத்தவனை மறக்கக் கூடாது என்பதில் இந்த மண் அவ்வளவு கறாராக இருந்திருக்கிறது.

அதே சண்டையில் கால் ஒடிந்து உயிரோடு வீடு திரும்பியவன் என்ன ஆனான்? அவனைப் பற்றிக் கல் எதுவும் பேசுவதில்லை. மறுநாள் காலையில் அவனை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது, அவன் கையில் என்ன வேலையைக் கொடுத்தது என்பதற்குச் சான்று இல்லை. விளையாட்டில் அடிபட்டவர்களின் வரலாற்றைத் தேடுகிறவர் முதலில் இந்த வெற்றிடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சுற்றி, இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த வெற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிய கதை ஒன்று இருக்கிறது. அதில் வருகிற பலர் விளையாட்டு வீரர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் இன்று முட்டி ஜவ்வு கிழிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கபடிப் பையனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் களமும் வைத்தியசாலையும் ஒன்றுதான். சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் சுளுக்கு எடுத்தார், எண்ணெய் போட்டு நீவினார், மூட்டு நழுவினால் இழுத்து வைத்தார். தென்கோடியில் வர்ம ஆசான்களிடம் இது ஒரு முழுக் கல்வியாகவே வளர்ந்தது. அடிக்கத் தெரிந்தவருக்கு அடியை ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கல்வியின் அடிப்படை. இதில் மருத்துவம் எவ்வளவு சரி என்பது தனிக் கேள்வி. கவனிக்க வேண்டியது வேறொன்று: அடிபட்ட பையன் களத்தை விட்டு எங்கும் போகவில்லை. கையில் கட்டோடு அதே மண்ணில் உட்கார்ந்து, இளையவர்களின் காலடி வரிசையைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தான். வாத்தியாரின் கண் அவன்மீது இருந்தது.

விழுப்புரம் பேர் பெற்ற மல்லர் கம்பத்திலும் இதன் சாயலைப் பார்க்கலாம். மல்யுத்தம் பழகுகிறவர்கள் உடலை முறுக்கேற்றத் தூணில் ஏறிப் பயின்றது பழைய வழக்கம். 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் என்ற வடமொழி நூலிலேயே அதற்குக் குறிப்பு உண்டு. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். தமிழ்நாட்டில் இன்று அந்தக் கலைக்கு விழுப்புரம்தான் தலைமையிடம் மாதிரி. விளக்கெண்ணெய் பூசிய நிலைக்கம்பம், தொங்கும் கம்பம், கயிறு என்று மூன்று வகை. மூன்றிலும் தலைகீழாகத் தொங்குகிறவர் ஒருவர் என்றால், கீழே மெத்தையை இழுத்துப் போடவும், கம்பத்தைத் துடைக்கவும், விழுந்தால் தாங்கவும் நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவராக மணிக்கட்டு பிசகியவர் நிற்கலாம். கலையின் அமைப்பே அவருக்கு ஓர் இடத்தை வைத்திருக்கிறது.

எலும்பு முறிந்தால் இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் முதல் பெயர் புத்தூர். ஆந்திரத்தின் சித்தூர்ச் சீமையில், புத்தூருக்கு அருகே ராசபாளையத்தில் கேசவராஜு என்பவர் 1881இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கட்டு வைத்தியம் அது. அவர் காட்டில் வேட்டையாடிய பிராணியை இலையில் சுற்றி எடுத்து வந்தபோது அதன் ஒடிந்த எலும்பு கூடியிருக்கக் கண்டார் என்பது கதை. அரைத்த பச்சிலை, முட்டையின் வெள்ளைக் கரு, மூங்கில் பட்டை, துணி: இவ்வளவுதான் கட்டு. இன்று வட தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் புத்தூர்க் கட்டு என்ற பெயர்ப் பலகை இல்லாத ஊர் குறைவு. விழாக் காலத்தில் விளையாட்டில் கை கால் ஒடிந்தவர்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.

இறுகக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரல்களைக் கறுக்கச் செய்துவிடும் ஆபத்தை எலும்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது உண்மை, பயமுறுத்தல் அல்ல. கிழிந்த ஜவ்வை எந்தப் பச்சிலையும் தைக்காது. இருந்தும் ஜனங்கள் அங்கே போவதற்குச் செலவு குறைவு என்பது மட்டும் காரணமில்லை. கட்டுக்காரர் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், எப்படி விழுந்தாய் என்று கேட்பார், எத்தனையாவது கட்டில் காலை ஊன்றலாம் என்று நாள் குறித்துச் சொல்வார். அடிபட்டவனுக்கு நாட்கணக்கு ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பல சமயம் அது கிடைப்பதில்லை.

ஆனால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கதையும் இந்த மாவட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதற்குத் திண்டிவனத்துக்கு வர வேண்டும்.

1890களின் தொடக்கம். ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார். அவர் மகள் ஐடா அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். இங்கேயே தங்கும் எண்ணம் அவளுக்குக் கிடையாது. ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், அவர் வருவார் என்றாள் ஐடா. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் 1902இல் ஆஸ்பத்திரியாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. இன்று வேலூர் சி.எம்.சி. என்று உலகம் அறிந்த நிறுவனத்துக்குத் திண்டிவனத்தின் அந்த மூன்று மரணங்கள்தான் வேர். ஐடா நல்ல டென்னிஸ் ஆட்டக்காரரும்கூட. முதுமையிலும் மட்டையைக் கீழே வைக்கவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் காட்பாடி ரயில் ஏறினால் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் தாண்டி வேலூர் வரும். அந்த வேலூரில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி வைத்து நிமிர்த்தத் தொடங்கினார். அறுவை வெற்றி. ஆனால் கை சரியாகிப் போன ஒருவர் கொஞ்ச நாளில் வருத்தத்தோடு திரும்பி வந்தார். இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை என்றார். வேலை கொடுக்கவும் ஆளில்லை. கையைச் சரிசெய்த மருத்துவம் அந்தக் கைக்குச் செய்வதற்கு ஒன்றும் தரவில்லை என்பது பிராண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகே 1951இல் நோயாளிகள் தங்கித் தொழில் கற்றுக்கொள்ள ஒரு சிறு குடியிருப்பு உருவானது. விளையாட்டுக் காயங்களைப் பற்றி இன்று பேசப்படும் எத்தனையோ உரைகளைவிட இந்த ஒரு சம்பவம் அதிகம் சொல்லித் தருகிறது. உடம்பு தேறுவது ஒரு பாதை, மனிதர் தேறுவது இன்னொரு பாதை. இரண்டும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை.

பிராண்டின் அந்தப் பாடத்தைத் தன் உடம்பிலேயே படித்தவர் மேரி வர்கீஸ். கேரளத்திலிருந்து 1946இல் வேலூருக்குப் படிக்க வந்தவர். அறுவை மருத்துவராக வேண்டும் என்பது ஒன்றே ஆசை. 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மூன்று மணி நேரம் நின்று வயிற்றைத் திறந்து தைக்கிற வேலைக்குப் பழகிய கைகள் அவருடையவை. இனி அவரால் நிற்க முடியாது. உட்கார முடிவதற்கே பல அறுவைகள் வேண்டியிருந்தன. விளையாட்டு வீரர் அல்லர் என்றாலும் அவர் இழந்தது ஒரு வீரர் இழப்பதைத்தான்: உடம்பின் பயிற்சியால் கட்டி எழுப்பிய தன் பெயரை.

இங்கேதான் பிராண்ட் ஒன்றைக் கவனித்தார். கை அறுவையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டேதான் செய்கிறார். அதற்குக் கால் தேவையில்லை. மேரியின் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே! சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தும் அறுவையை மேரி செய்யத் தொடங்கினார். காலில்லாத மருத்துவர் கை இல்லாதவருக்குக் கை செய்து கொடுத்தார். ஆறுதல் வார்த்தை அவரை எழுப்பியிருக்க முடியாது. அவருக்கு மீதமிருந்த திறமை எது, அது பொருந்துகிற வேலை எது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததுதான் எழுப்பியது. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. இந்தியாவில் நோயாளிகள் தங்கி மறுவாழ்வுப் பயிற்சி பெற அமைந்த முன்னோடி நிலையம் அது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது.

மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் குதித்துக் கழுத்தை முறித்துக்கொண்டவர்கள், சாலையில் அடிபட்டவர்கள் என்று வட ஆற்காடு, தென் ஆற்காட்டு ஜனங்கள் பாகாயத்துக்கு வந்தார்கள். அங்கே முன்பு தங்கி வீடு திரும்பியவர்களை மறுபடி கூட்டி நடத்தும் மறுவாழ்வு மேளா இன்றும் உண்டு. உடல் பரிசோதனையும் நடக்கும், சக்கர நாற்காலிப் பந்தயமும் நடக்கும், பாட்டும் நடக்கும். நோயாளியாக வந்துபோனவர் போட்டியாளராகத் திரும்பி வருகிறார்.

விளையாட்டையே மருந்தாக்கும் இந்த யோசனைக்கு உலக அளவில் ஒரு பிறந்த நாள் சொல்லலாம்: 1948 ஜூலை 29. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரி மைதானத்தில் சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படையினர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லூட்விக் குட்மன் நடத்திய போட்டி அது. 1960இல் ரோமில் அது 23 நாடுகளின் போட்டியாயிற்று. இந்தியப் படையில் குத்துச்சண்டை வீரராக இருந்து 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து இந்தியர் ஒருவர் தனியாளாக வென்ற முதல் தங்கம் அது. கைகளைப் பழக்கியிருந்த குத்துச்சண்டைக்காரருக்கு அந்தக் கைகளே தண்ணீரில் வழி செய்தன.

இதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்தவர் ஒருவரைச் சென்னை ரசிகர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரர் மன்சூர் அலி கான் பட்டோடிக்கு 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் கார் விபத்து. கண்ணாடிச் சில்லு தைத்து வலக்கண்ணின் பார்வை போயிற்று. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் மேசையில் கொட்டியது. பந்து இரண்டாகத் தெரிந்தது. அதில் உள்பக்கம் தெரிவதுதான் உண்மையான பந்து என்று பழகிக்கொண்டார், தொப்பியை வலக்கண்மீது சரித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து, 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன். அந்த ஆட்டத்தை வென்று இந்தியா தொடரையும் வென்றது. முன்பு விளையாடியதுபோல் விளையாட முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒற்றைக் கண்ணுக்குத் தோதான ஓர் ஆட்டத்தைப் புதிதாகச் செய்துகொண்டார். சென்னைக்கு 1987இல் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பள்ளியை நடத்த வந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியும் இப்படித்தான். 1973இல் முதுகெலும்பில் விரிசல், மாவுக்கட்டு. ஓடுவதிலிருந்து மறுபடி தொடங்கி 1974இல் களத்துக்குத் திரும்பியவர். அடிபட்ட முதுகைப் பற்றி அவர் இந்தியப் பையன்களுக்குச் சொன்னது பாடப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

விழுப்புரத்திலிருந்து கிழக்கே ஒரு ரயில் புதுச்சேரிக்குப் போகிறது. மேற்கே போகிற வண்டி திருவண்ணாமலையில் நிற்கிறது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் பிரீத்தி சீனிவாசனின் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தமிழ்நாடு பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவி அவர். நீச்சலிலும் கெட்டி. 1998இல் கல்லூரித் தோழிகளோடு புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனபோது, பின்வாங்கிய அலை காலடி மணலை இழுக்க, நிலைகுலைந்து தண்ணீரில் பாய்ந்தார். உடம்பு முழுக்க மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓர் அதிர்வு. எழுந்து நிற்க முடியவில்லை. கழுத்துக்குக் கீழே செயல் போயிற்று.

அதற்குப் பிறகான வருடங்களைப் பற்றி அவர் பொதுமேடைகளில் மறைக்காமல் பேசியிருக்கிறார். யாரையும் பார்க்க மறுத்த காலம், அழுத காலம். நேற்றுவரை அணிக்கு உத்தரவு போட்ட பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் அவரிடம் பேசாமல், அவர் தலைக்கு மேலாக அம்மா அப்பாவிடம் பேசினார்கள். விளையாட்டுக்காரருக்கு இதுதான் இரண்டாவது காயம். முதல் காயத்தை மருத்துவர் படத்தில் காட்டுவார். இதைக் காட்ட எந்தப் படமும் இல்லை.

அவருக்குத் திரும்பி வந்தது கிரிக்கெட் அல்ல, தலைமை. 2013இல் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உதவித்தொகையும் சக்கர நாற்காலியும் பயிற்சியும் கிடைக்க வழி செய்தார். பின்னர் அதே ஊரில் மறுவாழ்வு மையமும் உருவானது. 2017இல் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வும் செய்தார். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் என்ன சொல்வது என்பதெல்லாம் மைதானத்தில் படித்த பாடம்தான். கழுத்துக்கு மேலே இருந்தவை எதுவும் அந்தக் கடலில் போகவில்லை.

விழுப்புரம் வழியாகத் தென்காசி போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் இதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கும். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பெரிய காயங்களின் கதைகள் இவை. விழுப்புரம் மாவட்டத்தில் அன்றாடம் நடப்பது சிறியது, அதனாலேயே கவனிப்பாரில்லாதது. பொங்கல் முடிந்ததும் மரக்காணம், விக்கிரவாண்டி, செஞ்சி என்று ஊருக்கு ஊர் விளக்கு போட்டு இரவெல்லாம் கபடி நடக்கும். பாடிப் போனவன் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்து இழுப்பார்கள், முட்டி ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் திரும்பும், ஒரு சத்தம் கேட்கும். ஜவ்வு போச்சு என்று களத்தில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதம், சில சமயம் ஒரு வருடம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்குள்ள 3 சதவீத ஒதுக்கீட்டையோ ரயில்வே அணியையோ நம்பிப் படிப்பையும் ஒத்திவைத்த பையனுக்கு அந்த ஒரு வருடம் விளையாட்டு மட்டுமல்ல, பிழைப்பும்தான். முதல் மாதம் டீக்கடையில், “எப்ப தம்பி இறங்குற?” என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவது மாதம் யாரும் கேட்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் அணியின் பட்டியல் வரும், அதில் அவன் பெயர் இருக்காது.

2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முட்டியின் முன் சிலுவை ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்ட 7500க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை 69 ஆய்வுகளிலிருந்து திரட்டியது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். முட்டி ஆறியும் களத்துக்கு வராதவர்கள் இவ்வளவு பேர் ஏன்? மறுபடி கிழிந்துவிடுமோ என்ற அச்சம், தன்மேல் நம்பிக்கை குறைவது, இனி நான் யார் என்ற குழப்பம் ஆகியவையும் காரணங்களில் வருகின்றன. அமெரிக்க உளவியலாளர் பிரிட்டன் புரூவரும் அவருடைய சகாக்களும் 1993இல், தன்னை விளையாட்டு வீரனாக மட்டுமே ஒருவர் எந்த அளவுக்கு எண்ணுகிறார் என்பதை அளக்கும் கேள்விப் பட்டியலை உருவாக்கினார்கள். அந்த எண்ணம் எவ்வளவு கெட்டியோ, அடிபடும்போது மனச்சோர்வும் அவ்வளவு ஆழம் என்று இத்துறை ஆய்வுகள் சுட்டுகின்றன. நாளெல்லாம் மைதானமே கதி என்று பையனை வளர்க்கும் பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவனுக்குக் கபடியைத் தவிர ஒரு பாடம், ஒரு தொழில், ஒரு நட்பு இருப்பது ஆட்டத்துக்குத் துரோகமல்ல. அடிபட்ட நாளில் அவன் பிடித்துக்கொள்ளும் கயிறு அதுதான்.

இந்த ஆய்வுகள் பரிந்துரைக்கும் வழிகளைப் பார்த்தால் பழைய சிலம்ப வாத்தியாரின் முற்றம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. அடிபட்டவரை அணியோடு வைத்திருப்பது. சிகிச்சையின் ஒவ்வொரு படியையும் அவருக்கு விளக்கி, முடிவில் அவருக்கும் பங்கு தருவது. மொத்தமாக ஒன்பது மாதம் என்று சொல்லாமல், இந்த வாரம் முட்டி 90 பாகை மடங்கட்டும், அடுத்த வாரம் தொடைச் சதை இறுகட்டும் என்று சின்ன இலக்குகளாக வைப்பது. அதே காயத்திலிருந்து மீண்ட மூத்த ஆட்டக்காரர் ஒருவரோடு பேச வைப்பது. கபடிக் களத்தில் அடிபட்டவர் செய்யக்கூடிய வேலைக்குப் பஞ்சமே இல்லை. எதிரணியில் யார் எந்தக் காலால் பாடி வருகிறார், யார் மூலையில் தடுமாறுகிறார் என்று குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். கைப்பேசியில் ஆட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும், சின்னப் பையன்களுக்குப் பிடி சொல்லித்தர வேண்டும், நடுவர் தேர்வுக்குப் படிக்கலாம். தண்ணீர் பாட்டில் தூக்கவைப்பது மட்டும் போதாது, அது இரக்கம். அவருடைய அறிவு இல்லாவிட்டால் அணிக்கு நஷ்டம் என்கிற இடத்தில் அவரை வைக்க வேண்டும். மேரி வர்கீஸின் விரல்களுக்கு பிராண்ட் செய்தது அதைத்தான்.

மாவட்டத்தில் இன்று மருத்துவ வசதி முன்னைப்போல் குறைவாக இல்லை. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது, அதுவும் திண்டிவனத்துக்கு வடக்கே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில். அந்தச் சாலையில் பைக்கில் போய் விழுந்த எத்தனையோ இளைஞர்களின் உயிரை அந்த 48 மணி நேரம் காப்பாற்றுகிறது. 49ஆவது மணியிலிருந்து தொடங்கும் வாழ்க்கைக்குத்தான் இன்னும் கை போதவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும் வீட்டில் நேற்றுவரை பள்ளி அணிக்கு ஆடிய பெண்ணோ பையனோ இருந்தால், அந்தத் தெருவிலேயே இருக்கும் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்வது பெரிய காரியமில்லை.

பள்ளி உடற்கல்வி ஆசிரியர் என்ற ஓர் ஆளின் பலம் என்ன என்பதற்குச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி சாட்சி. ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டச் சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். பின்னர் பெங்களூருவில் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரை வளர்த்தெடுத்தார். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்.

தமிழ்நாடு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இப்போது பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர் என்பவற்றோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட அளவில் தேர்வு நடக்கும். விழுப்புரத்தில் அந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களில் பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்களும் உண்டு, விபத்துக்குப் பிறகு வருகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் பதிவுப் படிவத்தின் முன் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார்கள். அப்போது பக்கத்தில் பழைய அணியைச் சேர்ந்த ஒருவர் இருந்து, “எழுதுடா, நான் கூட வரேன்” என்று சொல்ல வேண்டும். அந்த ஆளை அணிகள் அனுப்பி வைக்க வேண்டும்.